ராணித் தகரம்

டிக்கெட்டு எடுத்தாச்சா தம்பி? எங்க, காட்டுங்க பாப்போம்.

அய்யோ, பயப்படாண்டாம். சும்மா கேட்டேன். பழக்க தோஷமாக்கும். பஸ்ஸுல பதிமூணு வருசம் கண்டக்டரு, பொறவு பத்தொம்பது வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டரு. ரிட்டயர் ஆகி பதினாலு மாசம் ஆச்சு. ஆனாலும் பஸ்ஸுல ஏறினா கை தானா நீளுது. பாளையங்கோட்டைக்கா நீங்க? நானும் அங்கதான் போறேன். நல்லதாப் போச்சு. சன்னல் பக்கம் நான் இருந்துக்கிடட்டா? எதிர வாற பஸ்ஸ எல்லாம் பாக்கணும். காரணம் இருக்கு, சொல்லுதேன்.

பின்னால கடைசி சீட்டுல நீலச் சட்ட போட்டுட்டு ஒருத்தன் இருக்கான் பாத்தியளா? அவன் டிக்கெட்டு எடுக்கல்ல. உறங்குத மாதிரி நடிக்கான். நெசமா உறங்குதவனுக்கு வாயி தொறந்திருக்கும். நமக்கு என்ன, போவட்டு.

எனக்க பேரு ஞானசிகாமணி. வீடு மார்த்தாண்டத்துக்கு மேக்க. தேனீ வளக்கேன். ஒரே ஒரு பெட்டி, வீட்டுக்குப் பின்னால பலாமரத்து மூட்டுல. எங்க பக்கம் நூறு பெட்டி எரநூறு பெட்டி வச்சிருக்கவன் உண்டு, கேட்டியளா. மாசியில ரப்பர் மரம் எல்லாம் புது எல விடும். பூவுல இல்ல, அந்த எலக்காம்புல தேன் சுரக்கும். பெட்டியக் கொண்டு தோட்டத்துல வச்சிருவான். பத்து நாளைக்கு ஒருக்கா போயி பாப்பான். பத்து நாளு! நடுவுல அவனுக்கு எப்பிடி உறக்கம் வருதுன்னு எனக்கு வெளங்கவே இல்ல.

எனக்குப் பெட்டி தந்தது லில்லிபாய்னு ஒரு அம்மா. புருசன் இல்ல, தனியா நூத்தம்பது பெட்டி பாக்குது. தரும்போதே சொல்லிச்சு, "சார், வாரத்துக்கு ஒருக்கா தொறந்து பாருங்க, போதும். சும்மா சும்மா தொறக்காதிங்க. நம்ம நாட்டு ஈ ரோசக்காரி. தொந்தரவு பண்ணினா பெட்டிய விட்டுட்டே போயிரும்." சரிம்மான்னு தலையாட்டினேன். மறுநாளு காலையில தொறந்தேன்.

தொறக்காம எப்பிடி இருக்க? புகைப்பான்ல தேங்கா நாரப் போட்டு கொளுத்தி, வாசல்ல ரெண்டு ஊது ஊதினேன். மூடியத் தூக்கி மேல ரெண்டு ஊது. முகத்துக்கு வலை வேணுமில்லியா, பழைய கொசுவலைய வெட்டி ரோஸ்லெட்டு தச்சுத் தந்திருந்தா. ரோஸ்லெட்டு எனக்க வீட்டுக்காரி. மெல்ல அடை கட்டின ஒரு மரச் சட்டத்த உருவித் தூக்கி வெயிலுக்கு நேரா பிடிச்சேன். என்னத்தச் சொல்ல தம்பி. ஒவ்வொரு கண்ணறையிலயும் ரவை மாதிரி ஒரு முட்ட, நட்டு வச்ச மாதிரி நிக்கி. நாலாவது சட்டத்துல ராணி. நீளமா, கறுப்பா, அது நடக்குது, மத்த ஈயெல்லாம் வழி விடுது. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அறுபது வயசு வர இப்பிடி ஒண்ண பாக்காம எங்க பஸ்ஸுல போயிக் கெடந்தேன்னு இருந்துச்சு.

அன்னைக்குப் பிடிச்சது கிறுக்கு. தினம் தொறப்பேன். ராணிய கண்ணால பாக்காம மூடுறதில்ல. சில நாளு ஒளிஞ்சுக்கிடும். எட்டு சட்டத்தையும் ரெண்டு தடவ திருப்பிப் பாப்பேன். கொட்டாம இருக்குமா? முப்பத்தேழு கொட்டு வாங்கியிருக்கேன். இந்தக் காது தடிச்சிருக்கது நேத்துள்ளது இல்ல, பழசு.

ரோஸ்லெட்ட ஒரு ஈ கூட கொட்டல்ல, அது என்ன கணக்கோ. மத்தியானம் ஒரு ஸ்டூலப் போட்டு பெட்டிக்குப் பக்கத்துலயே இருந்து மரச்சீனிக் கெழங்குக்குத் தோலு சீவுவா. ஈ அவளுக்க தோள்ல வந்து இருந்துட்டுப் போவும். அவ பெட்டியத் தொடக்கூட மாட்டா. அக்கறை இல்ல, அதாக்கும் விசயம்.

வேல செஞ்ச காலத்துல காலையில அஞ்சு மணிக்கு எறங்கினா ராத்திரிதான் வீடு. இப்ப முழு நாளும் வீட்டுல இருக்கேன், சும்மா இருக்க முடியல்ல. அவ மீன்கொழம்பு வச்சா மூடியத் தூக்கிப் பாப்பேன். புட்டு வேவுதான்னு பாப்பேன். "தொறக்காதிங்க, ஆவி போயிரும்"பா. கேஸ் அடைச்சாளா, ஃபிரிட்ஜுல பால் புளிச்சுட்டா, மோட்டார் சுவிட்ச அணைச்சாளா, எல்லாம் நான்தான் பாக்கணும். எல்லாம் அவளுக்கு ஒத்தாசைக்குத்தான்.

அப்புறம் டிக்கெட்டு. அவ எங்க போயிட்டு வந்தாலும் டிக்கெட்ட வாங்கிப் பாப்பேன். கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்தே. சந்தேகம் இல்ல தம்பி! எனக்கு சந்தேகம்ங்கதே கெடையாது. கண்டக்டரு ஒழுங்காக் கிழிச்சானான்னு பாக்கத்தான். இப்ப பொம்பளயளுக்கு டவுன் பஸ்ஸுல காசு வேண்டாம். இருந்தாலும் சீட்டு குடுப்பான் இல்லியா, அத வாங்கிப் பாப்பேன். அவளும் முப்பத்திரெண்டு வருசமா வாசல்ல ஏறும்போதே மணிபர்ஸத் தொறந்து எடுத்து நீட்டிருவா. ஒரு நாளு முறுமுறுத்தது கெடையாது. அப்பிடி ஒத்துப்போன குடும்பம்.

அதுல வந்துச்சு பாருங்க வெனை. போன மாசம் ஒரு செவ்வாக்கிழம. சர்ச்சுல பெண்கள் கூட்டத்துக்குப் போறேன்னு போனா. சாயங்காலம் வந்து சீட்ட நீட்டினா. பாக்கேன், ஏறின ஸ்டாப்பு சர்ச்சுக்கு ரெண்டு ஸ்டாப்பு அங்கிட்டு. எனக்க கண்ணுல மண்ணத் தூவ முடியுமா? "எங்க போனே?"ன்னேன். செருப்பக் கழட்டி ஓரமா வச்சா. "இது அந்த ஸ்டாப்பு இல்லியே, எங்க போனே?"ன்னேன். சத்தம் போடல்ல தம்பி, சாதாரணமா பஸ்ஸுல கேக்குத மாதிரிதான் கேட்டேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. பொறவு உள்ள போயி மரச்சீனிக் கெழங்க அவிச்சா. நான் மூடியத் தூக்கிப் பாத்தப்போ ஆவி போயிரும்னு கூட சொல்லல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மறுநாளு காலையில பையோட நிக்கா. "ஷைனி வீட்டுக்குப் போறேன்"ன்னா. ஷைனி எங்க மக, பாளையங்கோட்டையில கெட்டிக் குடுத்திருக்கு. "எப்ப வருவே?"ன்னேன். "தெரியாது"ன்னா. முப்பத்திரெண்டு வருசத்துல அந்த வார்த்தைய அவ வாயில நான் கேட்டதில்ல. சரி, கோவத்துல போறா, நாலு நாள்ல வந்திருவான்னு இருந்தேன். வீட்டுச் சாவி மட்டும் வாங்கி வச்சுக்கிட்டேன். அவ்வளவு தூரம் போறா, தொலைச்சுரக் கூடாதில்லியா.

நாலு நாளாச்சு. ஒரு வாரம் ஆச்சு. அவளுக்க நம்பருக்குப் போட்டா ஷைனி எடுக்கா. "அப்பா, அம்மா ஒரே ஒரு காரியம் சொல்லுது. பெட்டிய இருபத்தொண்ணு நாளு தொறக்காம இரியுங்களாம். இருந்தா வருமாம்."

இது என்ன வெளையாட்டு? சண்டைக்கும் பெட்டிக்கும் என்ன சம்மந்தம்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் பிடிகெடைக்கல்ல. ஆனா வீடு இருந்த இருப்பு... என்னத்தச் சொல்ல. அடுப்புல ஒரு மூடி இல்ல தூக்கிப் பாக்க. தனியா இருந்து சோறு திங்க முடியல்ல தம்பி. அவ வரணும். சரி, இருபத்தொண்ணு நாளுதானே, இருந்து காட்டுதேன்னேன்.

மொத நாளு சமாளிச்சேன். ரெண்டாம் நாளு பெட்டியில காத வச்சுக் கேட்டேன். காது வைக்கக் கூடாதுன்னு அவ சொல்லல்லியே. உள்ள "ம்ம்ம்"முன்னு ஒரு இரைச்சல். அது சந்தோசமா, சங்கடமா? எப்பிடித் தெரியும்? மூணாம் நாளு ஸ்டூலப் போட்டு இருந்து, ஒரு நிமிசத்துக்கு எத்தன ஈ போவுது, எத்தன வருதுன்னு நோட்டுல கோடு கிழிச்சேன். போறது நூத்திப்பதினெட்டு, வாறது நூத்தி நாலு. மிச்சம் பதினாலு எங்க? நான் தொறந்து பாக்கவும் கூடாது, அதுக்குள்ள ராணிய கூட்டிட்டு எல்லாம் போயிட்டுன்னா?

அப்பத்தான் இந்தத் தகரம். இருங்க, சட்டப்பையில இருக்கு, காட்டுதேன். இது வீட்டுச் சாவி. இது இப்ப எடுத்த டிக்கெட்டு. ஆ, இதுதான். குயின் கேட்டும்பாங்க, நான் தகரம்னுதான் சொல்லுதது. இந்த ஓட்டையப் பாருங்க. வேலக்கார ஈ நுழையும். ராணிக்கு உடம்பு பெருசு, நுழையாது. புதுசாப் பிடிச்ச கூட்டம் பெட்டியில ஒட்டுத வர ரெண்டு மூணு நாளு வாசல்ல வைப்பாங்க, பொறவு எடுத்துருவாங்க. நான் வச்சேன், எடுக்கல்ல. எதுக்கு எடுக்கணும்? தொறக்கத்தானே கூடாது. வாசல்ல தகரம் வைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல்ல. அன்னைக்குத்தான் உறங்கினேன்.

பதினோராம் நாளு பத்து மணி இருக்கும். பெட்டிக்குள்ள இருந்து ஈ கொட்டுது தம்பி, மூட்டை அவுந்த மாதிரி. வானம் முழுக்க ஈ. பலாமரத்துக் கொப்புல போயி தாடி மாதிரி தொங்கிச்சு. எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு தலையில கைய வச்சு இருந்தேன். அரை மணிக்கூறு ஆச்சு. மெல்ல ஒண்ணொண்ணா திரும்பி வந்து உள்ள ஏறுது! ராணியில்லாம எங்க போவும்? ராணிதான் தகரத்துக்கு உள்ள நிக்கே. மறுநாளும் அதே மாதிரி போச்சு, அதே மாதிரி வந்துச்சு. நான் ஷைனிக்குப் போனப் போட்டு, "பாத்தியா, அப்பா தகரம் வச்சதுனால எல்லாம் வீட்டுலயே இருக்கு, உங்கம்மைக்கிட்ட சொல்லு"ன்னேன். அவ "சொல்லாண்டாம்பா"ன்னு வச்சிட்டா.

என்ன, நாங்குநேரியா? இல்ல இல்ல, வள்ளியூரே இன்னும் வரல்ல. நான் சொல்லுதேன் உங்களுக்கு. இந்த ரோட்டுல எனக்குத் தெரியாத கல்லு கெடையாது.

இன்னைக்கு இருபத்தொண்ணு முடிஞ்சுச்சு. காலையில ஏழு மணிக்கே லில்லிபாய வரச்சொன்னேன். ஒரு சாட்சி வேணும்லா, நான் தொறக்கல்லன்னு சொல்ல. புகை போட்டு, மூடியத் தூக்கினோம். எனக்கு மூணு வாரத்துப் பசி. மொத சட்டத்தத் தூக்கினா, ஈ கொறவு. ரெண்டாவதுலயும் கொறவு. கண்ணறையெல்லாம் ஒழிஞ்சு கெடக்கு. ஒரு முட்ட இல்ல. நான் கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாக்கேன், இல்ல. சட்டத்துக்க அடியில வேர்க்கடலத் தோடு மாதிரி ஒண்ணு தொங்குது, நுனி வட்டமா வெட்டித் தொறந்திருக்கு. கடைசி சட்டத்துல ராணி. எனக்க ராணி இல்ல, வேற ஒண்ணு. ஒல்லியா, ஒரு இடத்துல நிக்காம அங்கயும் இங்கயும் ஓடுது.

லில்லிபாய் வாசலக் குனிஞ்சு பாத்தா. "இத எப்ப வச்சிங்க?"

"மூணாம் நாளு."

"கர்த்தாவே"ன்னா. பொறவு சட்டத்த உள்ள எறக்கிட்டு மெல்லச் சொன்னா. பழைய ராணி பாதி ஈயக் கூட்டிட்டு பிரிஞ்சு போவப் பாத்திருக்கு. நான் விடல்ல. அந்தத் தோட்டுக்குள்ள இருந்து புதுசு பொறந்திருக்கு, பழசு செத்துப்போச்சு. இந்தப் புதுசு ஒரு தடவ வெளிய பறக்கணுமாம். மத்தியான வெயில்ல மேல போயி, ஆண் ஈயோட சேந்துட்டு வந்தாத்தான் முட்ட வைக்கும். தகரம் இருக்க வர எப்பிடிப் போவும்? இன்னும் அஞ்சாறு நாளு போனா பறந்தும் பிரயோசனம் இல்லியாம். பெட்டி தானா அடங்கிப்போவுமாம்.

"எடுங்க சார் அத"ன்னா.

"எடுத்தா போயிருமே."

"போவும். போவத்தான் வேணும்."

"திரும்பி வரும்னு என்ன உறுதி?"

"ஒரு உறுதியும் இல்ல"ன்னா அந்தப் பொம்பள. "காக்கா கொத்தலாம், வழி தவறலாம். வீடு நல்லாருந்தா வரும்."

இப்பிடியும் ஒரு தொழிலா? உறுதி இல்லாம? நான் இருந்த டிப்பார்ட்மெண்டுல வண்டி டிப்போவ விட்டு எறங்கினா எப்ப திரும்பணும்னு எழுதியிருக்கும். தகரத்துல கைய வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் இருந்தேன்னு தெரியல்ல. கடைசியில உருவி எடுத்துட்டேன். எடுத்துட்டு பெட்டிக்கு முன்னால ஸ்டூலப் போட்டேன். "நீங்க பக்கத்துல இருக்காதிங்க சார், எங்கயாவது போயிட்டு வாங்க"ன்னா. போறதுக்கு முன்னால படியில நின்னு ஒண்ணு சொன்னா. "உங்க வீட்டம்மா அன்னைக்கு வந்து அவ்வளவு கேட்டாங்களே, பெட்டிய சார் கண்ணுல படாத எடத்துல எங்க வைக்கலாம்னு. மூணு வாரம் தொறக்காம விட்டா கூட்டம் தேறிக்கிடும்னு நான்தான் சொல்லியனுப்பினேன். ஒரு செவ்வாக்கிழம."

அந்த ஸ்டாப்பு! ரெண்டு ஸ்டாப்பு அங்கிட்டு! லில்லிபாய்க்க வீடு!

இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்லியா தம்பி? ஒரே ஒரு வார்த்த. சொல்லியிருந்தா சீட்ட மடிச்சுக் கையில குடுத்திருப்பேன், முடிஞ்சு போயிருக்கும்.

பொறவு ஷைனி போன் பண்ணினா. "அம்மா இன்னைக்கு வருது. மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பஸ்ஸு ஏறும். நீங்க வராண்டாம்னு சொல்லச் சொல்லிச்சு. தனியா வந்துக்கிடுமாம்." எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்ல. ஒடனே சட்டய மாட்டிட்டு கெளம்பிட்டேன். வராண்டாம்னுதான் சொன்னா. ஆனா தனியா வாறவ சரியான பஸ்ஸுல ஏறுதாளா, இருக்க எடம் கெடைக்குதான்னு யாரு பாப்பா? பக்கத்துல போவ மாட்டேன். தூரத்துல நின்னு அவ ஏறுததப் பாத்துட்டு, பின்னால ஒரு பஸ்ஸுல வந்துருவேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. பெட்டிக்குப் பக்கத்துல இருக்காதிங்கன்னு லில்லிபாயும் சொன்னாளே. ரெண்டும் சரியாப் போச்சு. ஒருவேள முன்னாலயே கெளம்பிட்டாளோன்னுதான் எதிர வாற பஸ்ஸையும் பாத்துக்கிட்டே வாறேன்.

பாத்தியளா, வள்ளியூரு. அஞ்சு நிமிசம் நிப்பான். டீ குடிக்கியளா? நான் எறங்கல்ல. பக்கத்துல நிக்கது நாகர்கோயில் வண்டி, நம்ம பக்கம் போறது. சன்னல் சன்னலா...

தம்பி. தம்பி, அந்தப் பேப்பர விரிங்க. இப்பிடி, எனக்க முகத்துக்கு நேரா. அசையாதிங்க.

அவதான். மூணாவது சன்னல். பச்ச சேல. மடியில பை. ரெண்டு மணிக்குன்னு சொன்னாளே, இப்பவே வந்துட்டா! பக்கத்துல இருக்க பொம்பள என்னமோ சொல்லுது, இவ சிரிக்கா. வாயப் பொத்திட்டு, தோளு குலுங்கச் சிரிக்கா. அவளுக்கு இப்பிடிச் சிரிக்க வரும்னே நான் மறந்து போனேன் தம்பி.

இல்ல, கூப்பிட மாட்டேன். எறங்கிப் போயி அதுல ஏறினா, எதுக்கு இங்க வந்திங்கன்னு ஒரு பார்வை பாப்பா. அந்தச் செவ்வாக்கிழமப் பார்வை. சிரிப்பு அப்பிடியே நின்னு போவும். கூப்பிட மாட்டேன். எடுத்துட்டான், அவ வண்டி கெளம்பிட்டு. போவட்டு. நேரா வீட்டுக்குத்தான் போறா, யாரும் கூட்டாமலே போறா. போதும். பேப்பர மடிச்சுக்கிடுங்க. வேர்த்து ஊத்துது, முகம் தொடைக்க கைலேஞ்சு எங்க...

சாவி.

அய்யோ, வீட்டுச் சாவி. எனக்கதும் அவளுக்கதும் ரெண்டும் எனக்கிட்ட இருக்கு. முன்கதவையும் பூட்டி, கம்பிக் கதவுக்கும் பெரிய பூட்டா போட்டுட்டு வந்திருக்கேன். அவ ரெண்டு மணிக்கூறுல வாசலுக்கு வந்திருவா. அங்க வெயில்ல அந்தப் புது ராணி பறக்குத நேரம், இவ ரோட்டுல பையோட நிப்பா. பூட்டப் பாத்தா என்ன நெனப்பா தம்பி? திரும்பி அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவா. நிக்க மாட்டா.

கண்டக்டர்! வண்டி உருளுதே, விசில் அடியும்! எறங்கணும், எறங்கணும்! ஆமா, பாளையங்கோட்டைக்குத்தான் எடுத்தேன், இங்கயே எறங்குதேன், நிறுத்தும்!

தம்பி, இந்த டிக்கெட்ட நீங்க வச்சுக்கிடுங்க. எங்கயாவது கிழிச்சுப் போட்டிருங்க. எனக்க பையில இருந்தா அவ பாத்துருவா, பின்னாலயே வந்தேன்னு தெரிஞ்சுரும்.

இல்ல, அவ பாக்க மாட்டா. முப்பத்திரெண்டு வருசத்துல ஒரு நாளு கூட எனக்க பையத் தொட்டதில்ல. எங்க போயிட்டு வாறீங்க, டிக்கெட்டு எங்கன்னு ஒரு நாளு கேட்டதில்ல.

குடுங்க. அத இங்க குடுங்க தம்பி. அவ கேக்காண்டாம், நானே அவளுக்குக் காட்டுதேன்.